நடு வகிடு எடுத்த கார்

ஒரு காரின் பின்கண்ணாடிக்கு நடு வகிடு எடுக்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்காக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள் இரண்டு பெரிய தலைகள் முட்டிக்கொண்டன. ஒருவர் டிசைன் துறையின் ராஜா. இன்னொருவர் பந்தயத் தடத்தில் வளர்ந்த எஞ்சினியர். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது ஒரு கார். செவர்லே கொர்வெட், 1963-ஆம் ஆண்டு மாடல். பெயர் ஸ்டிங் ரே. நம்மூர் மீன் சந்தைக் கணக்கில் சொன்னால், திருக்கை!

கொர்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு குதிரைசக்தியை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நாம் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. இந்தக் காரின் சுவாரசியமெல்லாம் கூரையில் இருக்கிறது. ஒரே பேனட், ஒரே மூக்கு, ஒரே எஞ்சின். ஆனால் கூரை மாறினால் ஆளே மாறிவிடுவார். தலைப்பாகை கட்டிய மாமாவையும் கட்டாத மாமாவையும் தெருவில் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாதே, அந்த மாதிரி.

வாருங்கள். ஷோரூம் வாசல் வேண்டாம், அங்கே எல்லோரும் போகிறார்கள். நாம் பின்கட்டு வழியாக நுழைவோம்.

துணிக் கூரையோடு பிறந்த குழந்தை

முதல் அறை ஒரு ஹோட்டல் மண்டபம். நியூயார்க், வால்டார்ஃப் அஸ்டோரியா, 1953 ஜனவரி. மோட்டோரமா என்ற கண்காட்சியில் சுழலும் மேடை மேல் ஒரு வெள்ளைக் கார். ஹார்லி ஏர்ல் என்ற டிசைன் தலைவரின் செல்லப்பிள்ளை. கொர்வெட் என்றால் வேகமாகப் போகும் சின்னப் போர்க்கப்பல். இந்தப் பெயரைச் சொன்னவர் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்த மைரன் ஸ்காட்.

அந்த வருடம் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் செய்தது மொத்தம் 300 கார்கள். எல்லாமே வெள்ளை. உள்ளே எல்லாமே சிவப்பு. மேலே எல்லாமே கறுப்புத் துணிக் கூரை. "வேறு கலர் இருக்கா?" என்று கேட்கவே வழியில்லை. நிலையான கூரை போட்ட கூபே கிடையாது. கடினக் கூரையான ஹார்ட்டாப் கிடையாது.

கிட்டப் போய்ப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. கதவுக்கு வெளியே கைப்பிடியே இல்லை! உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் தனித் திரைகளை எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். அத்தனை நவநாகரிகக் காரில் ஜன்னல் மட்டும் மாட்டுவண்டிக் காலத்து ஏற்பாடு. கதவுக் கைப்பிடியும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் 1956-இல்தான் வந்தன. கழற்றி மாட்டும் ஹார்ட்டாப்பும் அந்த வருடமே விலைப்பட்டியலில் ஏறியது.

உடம்பு இரும்புத் தகடு அல்ல, ஃபைபர் கிளாஸ். கொஞ்சம் கார்கள் மட்டும் செய்யப் போகிறோம் என்றால், தகட்டை அழுத்தும் பிரம்மாண்டமான டைகளுக்குக் கொட்டும் பணம் வீண். ஃபைபர் கிளாஸுக்கு அச்சு போதும். இந்தச் சிக்கனம் பிற்பாடு ஒரு பெரிய சூட்சுமமாக வேலை செய்தது. அச்சு மலிவு என்றால், ஒரே காரை இரண்டு உருவத்தில் செய்து பார்க்கிற தைரியமும் வருமில்லையா?

பிறக்காமல் போன உடன்பிறப்புகள்

அந்தத் தைரியத்தின் முதல் அறிகுறி 1954 மோட்டோரமாவில் தெரிந்தது. மேடையில் கொர்வெட்டின் மூன்று உறவுக்காரர்கள் நின்றார்கள். ஒன்று, கடினக் கூரை போட்ட கொர்வெட். இரண்டாவது, கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக், பெயர் கொர்வேர். மூன்றாவதைக் கேட்டால் வாயில் விரலை வைப்பீர்கள். ஸ்டேஷன் வேகன்! ஆமாம், குடும்பத்தோடு மூட்டை முடிச்சு ஏற்றிக்கொண்டு போகிற வேகன் உடம்பில் கொர்வெட்டின் முகம். பெயர் நோமாட்.

முதலாவது, 1956-இன் ஹார்ட்டாப்பாகப் பிழைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் கொர்வெட்டாகப் பிறக்கவில்லை. ஆனால் பெயர்கள் வீணாகவில்லை. நோமாட் என்ற பெயரை 1955-இல் ஒரு செவர்லே வேகனுக்கு வைத்தார்கள். கொர்வேர் என்ற பெயர் 1960-இல் பின்பக்கம் எஞ்சின் வைத்த ஒரு சின்னக் காருக்குப் போனது. கல்யாணம் நின்றுபோனாலும் வாங்கிய பட்டுப்புடவையை வீணாக்காத குடும்பம்!

அடித்தள அறையும் சாயம் பூசிய சுறாவும்

அடுத்த அறைக்குப் படி இறங்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

1957-இல் அமெரிக்கக் கார் கம்பெனிகள் கூடிப் பேசி, இனி பந்தயங்களுக்குக் கம்பெனிப் பணம் செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஹார்லி ஏர்லுக்குப் பிறகு டிசைன் தலைவரான பில் மிட்செலுக்கு அது அடங்கவில்லை. கைவிடப்பட்ட ஒரு பந்தயக் காரின் அடிச்சட்டத்தைச் சொந்தப் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். அதன் மேல் போர்த்த, ஸ்டூடியோவில் ஏற்கெனவே வரைந்து கிடந்த ஒரு வடிவம் இருந்தது. பீட்டர் பிராக் என்ற, அப்போதுதான் இருபதைத் தாண்டிய இளைஞர் 1957-இல் போட்ட கோட்டோவியத்தில் அதற்கு வித்து. அதைப் பந்தயக் காராக வளர்த்தவர் லாரி ஷினோடா. பொதுப் பார்வையிலிருந்து ஒதுங்கிய அறையில் சத்தமில்லாமல் உருவான அந்தக் கார்தான் 1959-இன் ஸ்டிங்ரே ரேசர். டிக் தாம்சன் ஓட்டி, 1960-இல் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் தேசியப் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தது. பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லி ஒரு சினிமாவில் ஓட்டியதும் இதே காரைத்தான்!

ரேசருக்குக் கூரையே இல்லை. கூர்மையான இடுப்புக்கோடு, சக்கரங்களுக்கு மேல் நான்கு புடைப்பு, அவ்வளவுதான். தண்ணீருக்கு மேல் துடுப்பை நீட்டிக்கொண்டு போகும் திருக்கையேதான். துணிக் கூரை மடங்கும் 1963 கன்வெர்டிபிளின் பக்கவாட்டைப் பாருங்கள். இந்த ரேசர் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பது தெரியும்.

மிட்செலுக்கு மீன் பித்து அதோடு தீரவில்லை. 1961-இல் மேக்கோ ஷார்க் என்று ஒரு காட்சிக் கார். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. ஒன்று மற்றொன்றில் கரைகிற மாதிரி பெயின்ட். மிட்செல் தான் பிடித்த சுறாவைப் பாடம் செய்து ஆபீஸில் மாட்டி வைத்திருந்தாராம். "காருக்கு அந்த மீனின் கலர் அப்படியே வர வேண்டும்" என்று உத்தரவு. பெயின்டர்கள் அடித்தார்கள், சரியில்லை என்றார். திரும்ப அடித்தார்கள், இன்னும் சரியில்லை என்றார். கடைசியில் ஓர் இரவு அந்தச் சுறாவைக் கழற்றிக்கொண்டு போய், காரின் கலரைச் சுறாவுக்கு அடித்து, திரும்ப மாட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் வந்த மிட்செல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார் என்று டெட்ராய்ட்டில் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள்.

வகிடு வந்த கதை

இப்போது நம் கதாநாயகன் வருகிறார். 1963 மாடலுக்குக் கொர்வெட் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கம்பெனியின் கூபே தயாராகிறது. கூபே என்றால் கழற்ற முடியாத, உடம்போடு ஒட்டிப் பிறந்த கூரை.

மிட்செல் அந்தக் கூரைக்கு ஒரு கனவு வைத்திருந்தார். பேனட்டின் நடுவில் ஒரு மேடு தொடங்குகிறது. அது கூரையில் ஏறி, பின்னால் சரிந்து, வாலில் போய் ஒரு முனையாக முடிகிறது. ஒரே முதுகுத்தண்டு. கூரையே கவிழ்த்த படகு மாதிரி பின்பக்கம் குறுகிக்கொண்டே போகும். அந்தத் தண்டு போகிற வழியில் பின்கண்ணாடி குறுக்கிட்டால்? தண்டை நிறுத்தக் கூடாது, கண்ணாடியை வெட்டு! கண்ணாடி இடம், வலம் என்று இரண்டு துண்டானது. நடுவில் உடம்பின் நிறத்திலேயே ஒல்லியான ஒரு பட்டை. அதுதான் வகிடு.

முந்தைய காலத்துக் கார்களிலும் இப்படி இரட்டைக் கண்ணாடி உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குக்கூட 1953 வரை இருந்தது. அப்போது வளைந்த பெரிய கண்ணாடி செய்வது கஷ்டம், அதனால் இரண்டு துண்டாகப் போட்டார்கள். 1963-இல் அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. இது முழுக்க முழுக்க அழகுக்காக, ஆசைக்காக எடுத்த வகிடு.

எதிர்முகாமில் சோரா ஆர்கஸ் டன்டோவ். பிரஸ்ஸல்ஸில் பிறந்த ரஷ்ய வம்சாவளிக்காரர். 1953 மோட்டோரமாவில் கொர்வெட்டைப் பார்த்து மயங்கி, கம்பெனிக்குக் கடிதம் எழுதி, அந்த வருடமே வேலைக்குச் சேர்ந்தவர். கொர்வெட்டுக்குப் பந்தய ரத்தம் ஏற்றியவர் அவர்தான். அவருடைய கேள்வி எளிமையானது: ஓட்டுகிறவன் பின்னால் வருகிறவனைப் பார்ப்பது எப்படி?

நியாயம்தானே! உள்ளிருக்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால் நட்டநடுவில் அந்தப் பட்டை. பின்னால் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்தால் வகிட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். டன்டோவ் எடுத்துவிடச் சொன்னார். அதை எடுத்தால் காரே வேண்டாம் என்ற அளவுக்கு மிட்செல் ஒற்றைக்காலில் நின்றார். கம்பெனியில் பதவி பெரிதாக இருந்தவர் மிட்செல். வகிடு நின்றது.

ஆனால் ஒரே ஒரு வருடம்!

அக்கா தம்பி: இருவரையும் பக்கத்தில் நிறுத்துவோம்

இப்போது மிசௌரியின் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை. கொர்வெட் உற்பத்தி 1954-இலேயே இங்கே வந்துவிட்டது. 1963 மாடலுக்கு வந்த ஆர்டர் மழையில் இரண்டாவது ஷிப்ட் போட வேண்டியதாயிற்று. ஒரே வரிசையில் கூபேயும் கன்வெர்டிபிளும் கலந்து நகர்கின்றன. ஓரமாக நின்று நன்றாகப் பாருங்கள்.

முதலில், எது ஒன்று? தோலுக்கு அடியில் இருவருக்கும் ஒரே அடிச்சட்டம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 98 அங்குலம். தனித்தனியே அசையும் பின்சக்கர சஸ்பென்ஷன். உருண்டு மறையும் முகப்பு விளக்குகள். 1942-இன் டிசோட்டோவுக்குப் பிறகு அமெரிக்கக் காரில் விளக்கு கண்மூடித் தூங்கியது இதில்தான். எஞ்சின் 327 கன அங்குல வி8. 250-இலிருந்து 360 குதிரைசக்தி வரை. எந்த எஞ்சினும் எந்த உடம்புக்கும் கிடைக்கும்.

கதவைத் திறங்கள், வித்தியாசம் தொடங்குகிறது. கூபேயின் கதவு கூரைக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போகிறது. கதவு திறந்தால் கூரையின் ஓரமும் கூடவே வருகிறது. தாழ்வான காரில் தலை இடிக்காமல் நுழைய இது ஒரு தந்திரம். கன்வெர்டிபிளின் கதவு கண்ணாடி விளிம்போடு சரி; அதற்கு மேலே ஆகாயம்தான்.

அடுத்தது பின்னழகு. கன்வெர்டிபிளில் துணிக் கூரை மடங்கி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஃபைபர் கிளாஸ் மூடிக்கு அடியில் முழுசாக மறைந்துவிடும். துணி மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிற அவலட்சணம் கிடையாது. மூடியை அமுக்கிவிட்டால், இந்தக் காருக்குக் கூரை என்று ஒன்று உண்டா என்றே சந்தேகம் வரும். கூடுதல் பணம் கொடுத்தால் கழற்றி மாட்டும் ஹார்ட்டாப். அது கூபே மாதிரி பின்னால் சரியாது. டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கச்சிதமாக உட்காரும். ஆக, கணக்குக்கு இரண்டு உடம்பு, கண்ணுக்கு மூன்று முகம்.

இப்போது டிக்கியைத் திறங்கள். தேடுங்கள். நன்றாகத் தேடுங்கள்!

கிடைக்காது. இந்தத் தலைமுறைக் கொர்வெட்டில் டிக்கிக்கு வெளிக்கதவே இல்லை. சீட்டின் முதுகைச் சாய்த்து, உள்ளே தலையை விட்டு, பெட்டியைத் தள்ள வேண்டும். எடுக்கும்போது மறுபடி ஒரு யோகாசனம். கூபேயில் அந்தப் படகுக் கூரைக்கு அடியில் இடமாவது தாராளம். கன்வெர்டிபிளில் அதே இடத்தில் கூரை வந்து படுத்துக்கொள்கிறது.

இந்த இட விவகாரத்தில் ஒரு பந்தய ரகசியமும் இருக்கிறது. 1963-இல் டன்டோவ் ஆட்கள் இசட் 06 என்ற பந்தயப் பொதியை விலைப்பட்டியலுக்குள் நைசாக நுழைத்தார்கள். வாங்கியவர்கள் 199 பேர். அதில் நீண்ட பந்தயங்களுக்காக 36 கேலனுக்கும் மேல் கொள்ளும் ராட்சத பெட்ரோல் டேங்க்கும் கேட்டு வாங்கலாம். வழக்கமான டேங்க் 20 கேலன்தான். ராட்சதன் எங்கே உட்காருவான்? கூபேயின் கூரைக்கு அடியில். கன்வெர்டிபிளில் அவனுக்கு இடமில்லை. கண்ணுக்கு லட்சணமாகப் பிறந்த கூரை, கடைசியில் பெட்ரோல் குடோனுக்கும் பந்தலாயிற்று. அந்த டேங்க்கோடு வெளியே வந்தவை வெறும் 63 கார்கள்.

விலையில் ஒரு குசும்பு. கூரை மடங்கும் கார்தான் விலை அதிகம் என்பது ஊர் வழக்கம். இங்கே தலைகீழ். கன்வெர்டிபிள் 4,037 டாலர். கூபே 4,257 டாலர். மக்கள் என்ன செய்தார்கள்? கன்வெர்டிபிள் 10,919, கூபே 10,594. வித்தியாசம் வெறும் 325! புதிதாக வந்த மருமகள், பத்து வருடமாக வீட்டை ஆண்ட மாமியாரை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டாள்.

சீட்டில் சிக்கிய தலைவர்

வெளியே போவதற்கு முன், ஸ்டூடியோ மூலையில் துணி போர்த்தி ஒரு கார் நிற்கிறது. தூக்கிப் பாருங்கள். அதே வகிடு, அதே மூக்கு. ஆனால் இடுப்பு கொஞ்சம் நீளம். நான்கு பேர் உட்காரும் கொர்வெட்!

போர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு இரண்டு சீட்டிலிருந்து 1958-இல் நான்கு சீட்டுக்கு மாறி விற்பனையில் சக்கைப்போடு போட்டது. செவர்லேயின் தலைமைப் பொறுப்பிலிருந்த எட் கோலுக்குக் கை துறுதுறுத்தது. கூபேயை நீட்டிப் பின்னால் இரண்டு சீட் வைத்து ஒரு மாதிரிக் கார் செய்தார்கள். டிசைனர்களுக்கும் பிடிக்கவில்லை, டன்டோவுக்கும் பிடிக்கவில்லை. மிட்செலும் அவரும் ஒத்துப்போன அபூர்வ இடம் இது.

அந்தக் காரைப் பார்வையிட கம்பெனியின் தலைவர் ஜாக் கார்டன் வந்தார். நெட்டை மனிதர். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இறங்கப் பார்த்தால் முன்சீட் நகர மறுத்துவிட்டது. கம்பெனித் தலைவர் உள்ளே, எடுபிடிகள் வெளியே, எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் ஆட்களைக் கூப்பிட்டு முன்சீட்டைக் கழற்றி அவரை மீட்டார்களாம். அதோடு நான்கு சீட் கொர்வெட்டுக்கு மங்களம் பாடியாயிற்று என்று அந்தக் காலத்து டிசைனர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இன்றுவரை விற்பனைக்கு வந்த எந்தக் கொர்வெட்டிலும் மூன்றாவது ஆளுக்குச் சீட் இல்லை.

ரம்பம் எடுத்த ரசிகர்கள்

1964 மாடல் வந்தது. வகிடு போய்விட்டது. பின்கண்ணாடி முழுசாக ஒரே துண்டு. டன்டோவ் ஜெயித்தார். பேனட்டின் மேல் காற்றுப் போகாத வெறும் அலங்காரத் தட்டிகள் இரண்டு இருந்தன, அவையும் போயின.

இனிமேல் வருவதைக் கேட்டால் இன்றைய கொர்வெட் பித்தர்களுக்கு நெஞ்சு வலிக்கும். 1963 கூபே வைத்திருந்த சிலருக்குத் தங்கள் கார் ஒரு வருடத்தில் பழசாகிவிட்டதே என்று ஏக்கம். பின்னாடி தெரியவும் இல்லை. என்ன செய்தார்கள்? ரம்பத்தை எடுத்து அந்தப் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, 1964-இன் ஒற்றைக் கண்ணாடியை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்! கையில் இருந்தது ஒரே வருடம் வந்த அபூர்வம் என்று அவர்களுக்கு அப்போது தெரியவில்லை. இன்று ஏலக் கூடங்களில் அந்த வகிட்டுக்காகத்தான் கூட்டம் கை தூக்குகிறது. அன்று அறுத்த காரை வாங்கியவர்கள் இன்று செலவு செய்து பட்டையைத் திரும்ப ஒட்டவைக்கிறார்கள்.

வகிடு போன பிறகு கூபேயின் மவுசும் இறங்கியது. 1964-இல் கூபே 8,304, கன்வெர்டிபிள் 13,925. 1966-இல் கூபே 9,958, கன்வெர்டிபிள் 17,762. வகிடு போனதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த முதல் வருடத்து 325 வித்தியாசம் மறுபடி வரவே இல்லை.

வகிடு திரும்பி வந்தது, இந்த முறை தலைக்கு மேல்

கதையின் உச்சகட்டம் இங்கேதான். 1968-இல் புதிய உடம்பு. மேக்கோ ஷார்க் வரிசையின் இரண்டாவது காட்சிக் காரிலிருந்து இறங்கி வந்த சுறா. கூபேயில் ஒரு புதுமை செய்ய ஆசைப்பட்டார்கள். தலைக்கு மேலிருக்கும் கூரைத் துண்டை ஒரே பலகையாகக் கழற்றும்படி செய்வோம். கூபேக்குக் கூபேயும் ஆச்சு, காற்றுக்குக் காற்றும் ஆச்சு!

மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்தபோது உடம்பு முறுக்கிக்கொண்டது. மேடு பள்ளத்தில் கூரைப் பலகை பழைய கட்டில் மாதிரி கிறீச் கிறீச் என்று அழுதது. கூரை என்பது வெறும் குடை அல்ல, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிற விட்டம் என்பது அப்போது உறைத்தது. வழி? முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின்கூரை வரை நடுவில் ஒரு கட்டை கொடுத்தார்கள். அதன் இரண்டு பக்கமும் கழற்றும் பலகை ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் ஆங்கில டீ எழுத்து. அதனால் பெயர் டீ-டாப். இந்த யோசனைக்குக் கார்டன் பியூரிக் என்ற டிசைனர் 1951-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பின்கண்ணாடியிலிருந்து விரட்டப்பட்ட வகிடு இப்போது உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது! இந்த முறை ரம்பம் எடுக்க முடியாது. எடுத்தால் கார் முறுக்கும்.

1968 முதல் 1972 வரை வந்த கூபேகளில் இன்னொரு வேடிக்கை, பின்கண்ணாடியும் கழற்றலாம். கூரைப் பலகைகள் இரண்டையும் கழற்றி, பின்கண்ணாடியையும் கழற்றினால், கன்வெர்டிபிளுக்கு என்ன வேலை? மக்களும் அதையேதான் கேட்டார்கள். 1968-இல் கன்வெர்டிபிள் 18,630, கூபே 9,936. அடுத்த வருடமே தலைகீழ். 1969-இல் கூபே 22,129, கன்வெர்டிபிள் 16,633. கொர்வெட் வரலாற்றில் முதல்முறையாக மருமகள் மாமியாரை முந்தினாள்.

அதற்குப் பிறகு துணிக் கூரைக்கு இறங்குமுகம். கார் கவிழ்ந்தால் தாங்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துவிடும் என்ற பயம் வேறு. கன்வெர்டிபிளையே தடுக்கும் அப்படிப்பட்ட சட்டம் கடைசிவரை வரவில்லை; பயம் மட்டும் வந்து வேலையை முடித்தது. 1975-இல் செய்த 38,465 கொர்வெட்டுகளில் கன்வெர்டிபிள் 4,629தான். அதோடு நிறுத்திவிட்டார்கள். கன்வெர்டிபிளாகவே பிறந்த கார், பத்து வருடம் கன்வெர்டிபிள் இல்லாமல் இருந்தது. 1986-இல் திரும்பி வந்தபோது இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் முன்னோடிக் காராகவே வந்து இறங்கியது. ஓட்டியவர், ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய விமானி சக் யேகர்!

டீ-டாப் 1982 வரை வாழ்ந்தது. 1984-இன் புது உடம்பையும் அதே நடுக்கட்டையோடுதான் வரைந்திருந்தார்கள். கடைசி நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு: கட்டையை எடு. எடுத்தார்கள். விட்டுப்போன பலத்தை ஈடுகட்ட, கதவுக்கு அடியில் சட்டத்தைத் தடித்த சுவராக உயர்த்தினார்கள். ஏறி இறங்குகிறவர்கள் அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். கூரையில் கொடுக்காத பலத்தை வாசற்படியில் கொடுத்தாக வேண்டும். கணக்கு எங்கேயாவது தீர்ந்தாக வேண்டுமே!

கண்டுபிடிக்க ஒரு துண்டுச் சீட்டு

எங்காவது அருங்காட்சியகத்திலோ சினிமாவிலோ ஒரு பழைய கொர்வெட் கண்ணில் பட்டால், பக்கத்தில் இருப்பவரை அசத்த இதோ வழி. பின்கண்ணாடியில் வகிடா? கண்ணை மூடிக்கொண்டு 1963 என்று சொல்லுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் படுத்த கோடு இரண்டா? 1963 அல்லது 1964. நிமிர்ந்த திறப்பு மூன்றா? 1965 அல்லது 1966. சாய்ந்த சின்னத் திறப்பு ஐந்தா? 1967. தலைக்கு மேல் நடுக்கட்டையா? 1968-க்கும் 1982-க்கும் நடுவில். பின்னால் நேராக நிற்கும் கண்ணாடிக்குப் பதில் பெரிய வளைந்த கண்ணாடி சரிந்து இறங்குகிறதா? அந்த வரிசையில் 1978 அல்லது அதற்குப் பிறகு. ஒற்றைக் கண்ணாடி போட்ட 1963 கூபேயா? சத்தம் போடாதீர்கள், யாரோ ரம்பம் எடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்தாயிற்று, யார் பக்கம் நியாயம் என்று கேட்பீர்கள். அழகுக்காக எடுத்த வகிடு ஒரு வருடம்கூடத் தாண்டவில்லை. அவசியத்துக்காக எடுத்த வகிடு 15 மாடல் வருடம் தாக்குப்பிடித்தது. ஆனால் அந்த 15 வருடத்து நடுக்கட்டையைத் தேடி யாரும் ஊர் ஊராக அலையவில்லை. அந்த ஒரு வருடத்து ஒல்லிப் பட்டையைத் தேடித்தான் அலைகிறார்கள்.

என் ஓட்டு? ஓட்டிப் போக 1963 கன்வெர்டிபிள். நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க 1963 கூபே. வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் கூபேயின் டிரைவர் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பின்னோக்கும் கண்ணாடியைப் பாருங்கள். டன்டோவ் சொன்னது சரி என்று தெரியும். பிறகு இறங்கிப் பின்பக்கம் வந்து நில்லுங்கள். மிட்செல் சொன்னதும் சரிதான்.